மறுமொழி: எஃப்யூஷனுக்குக் 'கசிவு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வாயுத் துகள்கள் மிகச் சிறிய துளை வழியே ஒன்றோடொன்று மோதாமல் ஒவ்வொன்றாக வெளியேறுவதுதான் எஃப்யூஷன் (effusion). நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குக் 'கசிவு' போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. குழாய் கசியும், கூரை கசியும். அது பழுதைச் சொல்லும் சொல். இங்கே துளை வேண்டுமென்றே போட்டது.

எஃப்யூஷனுக்கென்றே செய்த நுட்சென் கலனில் (Knudsen cell) நடப்பதைப் பாருங்கள். மூடிய சிறு கலனில் தங்கத்தை வைத்துச் சூடேற்றுகிறார்கள். உருகிய தங்கமும் அதன் ஆவியும் உள்ளே சமநிலையில் இருக்கும். ஆவியில் பெரும்பாலும் தனி அணுக்கள், கொஞ்சம் ஈரணு மூலக்கூறுகள். மூடியில் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ ஒரு துளை. அங்கே வந்து சேரும் துகள் இன்னொன்றோடு மோதாமல் வெளியே போய்விடும். உள்ளே சமநிலை கலையாது. வெளிவரும் கற்றையை எலெக்ட்ரான்களால் அயனியாக்கி நிறைமாலைமானிக்கு (துகள்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி; இந்தச் சொல்லில் நமக்குள் சண்டை இல்லை) அனுப்பினால் நிறை எண் 197-இல் தங்க அணு, 394-இல் ஈரணு. அந்த இரண்டு குறிகைகளிலிருந்து ஆவியழுத்தங்கள், அப்புறம் அணுவுக்கும் ஈரணுவுக்கும் இடையிலான சமநிலை மாறிலி, அதிலிருந்து ஈரணுவைப் பிரிக்கத் தேவையான பிணைப்பு ஆற்றல். ட்ரோவார்ட், ஹோனிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-இல் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றையும் இந்த வழியில்தான் ஆராய்ந்தார்கள். தங்க ஈரணுவுக்கு இன்று ஏற்கப்படும் மதிப்பு சுமார் 2.3 எலெக்ட்ரான்வோல்ட், வெள்ளிக்கு 1.65 அளவில். துளை பெரிதாகிச் சமநிலை கெட்டால் கணக்கு முழுவதும் போச்சு. ஆகவே சமநிலையைக் கலைக்காத வெளியேற்றம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

'பாய்வு' இன்னும் பொருந்தாது. பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று எப்படிப் பாயும் என்று இந்தக் கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொத்தக் காற்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். இங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை 'பாய்வு' என்றதும் அதைத்தான் நினைக்கும்.

என் பரிந்துரை 'நழுவல்'. உள்ளிருப்பதைக் கலைக்காமல் ஒவ்வொன்றாக வெளியேறுவது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. நழுவுகலன், நழுவுதுளை, நழுவல் வீதம் என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன.

ஒரு தடை உண்டு. உலோகப் படிகத்தில் அணுத்தளங்கள் ஒன்றின்மேல் ஒன்று நகர்வதையும் சிலர் நழுவல் என்று எழுதுகிறார்கள். உலோகவியல் பாடத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரக்கூடும். அதற்குச் 'சறுக்கல்' வைத்துக்கொள்ளலாம், தளத்தின் மேல் நடப்பதுதானே. உலோகவியல் நண்பர்கள் இதற்குச் சரி என்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.