முத்தம்மாள் வீட்டுப் பிள்ளைகள்

தேவி: எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு இன்றோடு 12 நாள். 30ஆம் நாள் தொட்டில் போடுகிறோம். பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை. யாழினி என்று வைக்கலாமா?

எழில் அத்தை: அழகான பெயர், தேவி. யாழ் போல இனிமையானவள். ஆனால் ழகரம் இருக்கிறதே. என் ஐசியை, அதுதான் அடையாள அட்டையைப் பார்.

எழில் அத்தை: [படம்]

எழில் அத்தை: எழிலரசி என்றுதான் அப்பா வைத்தார். இசட், எச் போட்டு எழுதிவிட்டதால் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே 'எசிலராசி' ஆகிவிட்டேன். இன்றைக்கும் கிளினிக்கில் அப்படிக் கூப்பிட்டால் என்னைத்தான் என்று உறைக்கக் கொஞ்ச நேரமாகும்.

பெரியப்பா: அதற்காக ழகரத்தை விட்டுவிடுவதா, எழில்? அது நம் எழுத்து.

எழில் அத்தை: சரி அண்ணே. ஆனால் ஆயுசுக்கும் திருத்திச் சொல்லிக்கொண்டே இருக்கப்போவது பிள்ளைதானே.

அம்மா: பாட்டி பெயரை யாரும் நினைக்கவில்லையே.

தேவி: முத்தம்மாள் என்றா அம்மா? எனக்கும் ஆசைதான். இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் பழசாக இருக்குமோ என்று பார்க்கிறேன்.

செல்வா: பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளேன், தேவி. முத்துக்குத் தமிழில் நித்திலம் என்று இன்னொரு சொல் இருக்கிறது. நித்திலா.

தேவி: நித்திலா!

பெரியப்பா: நல்ல யோசனை, தம்பி. பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். பேத்தியும் அப்படித்தான், 'பெயர்த்தி'. அம்மா இருந்திருந்தால் பிள்ளையை மடியை விட்டு இறக்கியிருக்க மாட்டார்.

எழில் அத்தை: பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பெயரிலும் 'சூ' இருக்கிறது. ஹொக்கியன் என்ற சீன மொழியில் முத்து என்று அவரே சொல்லியிருக்கிறார். மலாய்க்காரர்கள் முத்தியாரா என்று வைக்கிறார்கள். அரபியில் லுலு. மார்கரெட் என்ற பெயரும் கிரேக்க மொழியில் முத்துதான்.

செல்வா: அட, நம் பினாங்கையே பூலாவ் முத்தியாரா, முத்துத் தீவு என்கிறார்களே அத்தை!

பெரியப்பா: தேவி, டி எச் போட்டு எழுதச் சொல். வெறும் டி போட்டால் 'நிட்டிலா' என்று வாசிப்பார்கள். பிறப்பைப் பதிய 60 நாள் இருக்கிறது, அவசரமில்லை. எழுத்துகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோகச் சொல் மாப்பிள்ளையை. பிறப்புப் பத்திரம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.

தேவி: சரி பெரியப்பா. இவருக்கும் பிடித்திருக்கிறது.

[இரவு 10.40]

அம்மா: மாமியாரோடு 22 வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். அவர் பெயரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட உங்கள் அப்பாதான் சொல்வார். நித்திலா என்றால் நானும் கூப்பிடலாம்.

தேவி: அம்மா, தொட்டில் போடும் அன்றைக்கு பாப்பா காதில் மூன்று தடவை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.