சிற்றூர்க் காதல் நாவல் வரிசை: எந்த ஒழுங்கில் படிக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் ராபின் கார் 2007-இல் தொடங்கிய ‘விர்ஜின் ரிவர்’ வரிசையில் மூன்று நாவல்களை முடித்திருக்கிறேன். கணவரை இழந்த செவிலியர் மெல், வட கலிபோர்னியாவின் மலையூருக்கு மழையில் வந்துசேர்ந்து, தங்கும் வீடு அழுக்கடைந்து கிடப்பதைக் கண்டு திரும்பிவிட நினைக்கையில், மருத்துவர் வீட்டு வாசலில் விடப்பட்ட கைக்குழந்தை அவரை நிறுத்திவைக்கும் இடத்தை இரண்டு முறை படித்தேன். நாவலுக்கு நாவல் காதலர்கள் மாறினாலும் முந்தைய இணைகள் மீண்டும் வந்துபோவதே, காதலைவிடவும், என்னை ஈர்க்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் இருப்பதால், இடையில் எந்தெந்த நாவல்களைப் படிக்காமல் தாண்டினால் கதைத்தொடர்பு அறாது என்பதை முழுவதும் படித்தவர்கள், முடிவுகளை வெளிப்படுத்தாமல், தெரிவிக்க வேண்டுகிறேன். இதுபோல் ஊரே உயிர்பெற்று நிற்கும் வேறு வரிசைகள் இருந்தாலும் பரிந்துரையுங்கள்.