கூட்டு விமானம்: பங்கு வாங்கியவர்கள் கண்ட பராமரிப்புச் செலவு

அவிநாசியிலிருந்து

தனிநபர் விமானி உரிமம் வாங்கிய நண்பர்கள் ஐந்து பேர் இருக்கிறோம். நான்கு பேர் உட்காரும் சிறு விமானம், பழைய செஸ்னா 172 ஒன்று விலைக்கு வருகிறது. ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போடலாம் என்று பேச்சு நடக்கிறது. விற்பவர் கொடுத்த கணக்கில் பெட்ரோல், நிறுத்துமிட வாடகை, காப்பீடு மூன்றுக்கும் தொகை எழுதியிருக்கிறது. பராமரிப்புக்கு நேரே ‘தேவைக்கேற்ப’ என்ற ஒரே சொல். பங்கு வைத்திருந்தவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொன்னால் பெரிய உதவி. கூட்டாக வைத்திருந்தது வேறு இயந்திரம் என்றாலும் சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து

தம்பி, அந்தத் ‘தேவைக்கேற்ப’ என்ற சொல்லால்தான் நாங்கள் ஆறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நான்கு மாதம் இருந்தோம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011-இல் இங்கிலாந்தில் வேலையில் இருந்தேன். புல்தரை ஓடுபாதை உள்ள ஒரு சிறு விமானத்தளத்தில், 1975 மாடல் செஸ்னா 172 ஒன்றில் ஆறில் ஒரு பங்கை 4,000 பவுண்டுக்கு வாங்கினேன். மாதச் சந்தா 75 பவுண்டு, பறக்கும் மணிக்கு 95 பவுண்டு. அந்த 95-இல் 8 பவுண்டு எஞ்சின் நிதிக்குப் போகும். மீதியில் பெட்ரோல், எண்ணெய், 50 மணி நேரச் சோதனை எல்லாம் அடக்கம். 172 மணிக்கு 30 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். மாதச் சந்தாவில் ஆறு பேரிடமிருந்தும் ஆண்டுக்கு 5,400 பவுண்டு சேரும். நிறுத்துமிடத்துக்கு 1,900, காப்பீட்டுக்கு 1,300, ஆண்டுச் சோதனைக்கு 2,200. கூட்டிப் பாருங்கள், ஒரு பவுண்டுகூட மிஞ்சாது. ஆண்டுச் சோதனையில் ஒன்றுமே பழுதில்லை என்றால் ஆகும் தொகைதான் அந்த 2,200 என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பங்கு வாங்கும் நாளில் நான் பார்த்தது வெளிப்பூச்சையும் இருக்கைத் துணியையும். கேட்டிருக்க வேண்டியது இரண்டே கேள்விகள். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து எத்தனை ஆண்டு, எத்தனை மணி ஆயிற்று? அதற்கான நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது? கேட்டிருந்தால் பதில் இப்படி வந்திருக்கும்: 15 ஆண்டு, 1,400 மணி, நிதியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அந்த விமானத்தில் இருப்பது லைகாமிங் ஓ-320, நான்கு சிலிண்டர், 150 குதிரைத்திறன். 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவர்கள், சோதனையில் தேறுகிறவரை அதைத் தாண்டியும் ஓட்டலாம். எங்கள் எஞ்சின் அந்தச் சலுகையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1,400 மணி நேரம் பறந்து மகிழ்ந்தவர்கள் எஞ்சினுக்கென்று எதையும் எடுத்துவைக்காமல் போய்விட்டார்கள். அந்தக் கடனையும் சேர்த்துத்தான் நான் 4,000 பவுண்டு கொடுத்து வாங்கினேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் விடாத மழை. புல்தரை சேறாகி நவம்பர் முதல் பிப்ரவரி வரை விமானத்தை அசைக்கவே முடியவில்லை. மார்ச்சில் ஆண்டுச் சோதனை. பராமரிப்பாளர் எண்ணெய் வடிகட்டியை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த தாளை ஒரு வெள்ளைத் துணிமேல் விரித்து, சன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். மீன் செதில் தூள் போலத் தாள் முழுக்க மினுமினுத்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனார், பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டது. அப்படியென்றால் எஃகு. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது.

அப்போது எஞ்சின் 1,640 மணி ஓடியிருந்தது. நான் சேர்ந்தபின் ஓடிய 240 மணிக்கு, மணிக்கு 8 பவுண்டு வீதம் நிதியில் 1,920 இருந்தது. எஞ்சினைக் கழற்றிப் புதுப்பித்து, ரப்பர் குழாய்களும் தாங்கிகளும் மாற்றித் திரும்பப் பூட்ட 22,000. ஆளுக்கு 3,350 பவுண்டு போட வேண்டும். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய். இரண்டு பேர் முடியாது என்றார்கள். அதில் ஒருவர் அந்த ஆண்டு மூன்றே மணி நேரம் பறந்தவர். ‘நான் தேய்க்காத எஞ்சினுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்’ என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது அய்யனிடம் புலம்பினேன். அவர் விமானத்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. “கண்ணு, மோட்டார் பணம் யார் கையில் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தோட்டத்துக் கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொது. பத்திரத்திலேயே ‘கிணற்றிலும் மின்மோட்டாரிலும் நாலில் ஒரு பங்கு’ என்றுதான் இருக்கும். ஒவ்வொரு வெள்ளாமையும் வீடு சேர்ந்தபின் நான்கு பேரும் ஒரு தொகையைப் பெரியப்பாவிடம் கொடுத்துவைப்பார்கள். மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்தால், பைப் துருப்பிடித்தால் அதிலிருந்துதான் செலவு. ஒரு வருடம் ஒரு சித்தப்பாவின் காடு சும்மாவே கிடந்தது. அந்த வருடமும் அவர் கொடுத்தார். தண்ணீர் பாய்ச்சினாலும் பாய்ச்சாவிட்டாலும் அவருடைய முறை நாளில் மோட்டார் அவருக்காகக் காத்திருந்தது, அதற்குத்தான் அந்தப் பணம். இருபது வயதுவரை அந்தக் கிணற்று மேட்டிலேயே வளர்ந்தவன் நான். கடல் தாண்டிப் போனதும் அது நினைவுக்கு வரவில்லையே என்று அன்றிரவு உண்மையாகவே வருந்தினேன்.

ஒருவர் பங்கை விட்டுவிட்டு விலகினார். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு 4,000 பவுண்டுக்குச் சற்று மேல் போட்டோம். புது எஞ்சினோடு புது விதியும் எழுதினோம். ஆண்டுக்கு 120 மணி பறக்கும் விமானம் 12 ஆண்டில் 1,440 மணியைத்தான் எட்டும். ஆகவே 22,000-ஐ 2,000-ஆல் வகுக்கக் கூடாது, 1,440-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 15 பவுண்டு வந்தது. அதை நிதியில் சேர்த்தோம், நிதியை வேறு எதற்கும் தொடவில்லை. 2019-இல் பங்கை விற்றுவிட்டு ஊர் திரும்பியபோது வாங்க வந்தவர் முதலில் கேட்டது நிதியில் எவ்வளவு இருக்கிறது என்றுதான். கணக்கைக் காட்டினேன், பேரம் பேசாமல் வாங்கினார்.

சூலூரிலிருந்து

விமானப் பராமரிப்பில் உரிமம் பெற்ற பொறியாளராக இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்க்கிறேன். பயிற்சிப் பள்ளி விமானங்கள்தான் அதிகம். பொள்ளாச்சி அண்ணன் சொன்ன அந்தத் தூளை என் கையாலேயே பலமுறை எடுத்திருக்கிறேன்.

லைகாமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது, கிராங்க்ஷாஃப்டுக்கும் மேலே. விமானம் நின்றுகிடந்தால் எண்ணெயெல்லாம் கீழே வடிந்துவிடும். கேம் மேல் எண்ணெய்ப் படலம் இருக்காது. காற்றிலுள்ள ஈரம் அங்கே துருப் புள்ளி வைக்கும். அடுத்தமுறை ஓட்டும்போது அந்தப் புள்ளி, கேம் உரசித் தள்ளும் டேப்பெட்டின் முகத்தைச் சுரண்டத் தொடங்கும். தினமும் ஆறு மணி நேரம் பறக்கும் பயிற்சி விமானத்தில் இந்த நோயை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் தனியார் விமானத்தில்தான் பார்க்கிறேன்.

பறக்க முடியாத நாளில் தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் முழுதாகச் சூடேறாது. எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவி எஞ்சினுக்குள்ளேயே தங்கும். ஓட்டாமல் விடுவதைவிட அது கெடுதல். பறந்தால் ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும். வடிகட்டி உள்ள எஞ்சினுக்கு 50 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், 50 மணி ஆகாவிட்டாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த நான்கு மாதத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வடிகட்டியை அறுத்துப் பாருங்கள். குப்பையில் போடுவதற்கு முன் ஐந்து நிமிட வேலை.

ஐந்து பேர் வாங்குவதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். ஒரே ஆள் வைத்திருந்தால் அது நிழலில் நிற்கும். ஐந்து பேர் முறை வைத்து ஓட்டினால் கேம் நனைந்துகொண்டே இருக்கும்.

திருச்செங்கோட்டிலிருந்து

விமானம் தெரியாது. போர்வெல் ரிக் தெரியும். நான்கு பேர் கூட்டில் ஒரு ரிக் லாரியும் துணை லாரியும் ஒன்பது ஆண்டு ஓட்டினோம். ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று போகாத இடமில்லை.

உங்களுக்கு மணிக்கணக்கு, எங்களுக்கு அடிக்கணக்கு. துளையிட்ட ஒவ்வொரு அடிக்கும் 4 ரூபாய் கம்ப்ரசருக்கு என்று முதல் நாளே ஒதுக்கினோம். லாபம் பிரிப்பது அதற்குப் பிறகுதான். மூன்றாம் ஆண்டு நல்ல ஓட்டம், ஒரு கூட்டாளி மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தைக் கேட்டார். கொடுத்தோம், எப்படி மறுப்பது? ஆறு மாதத்தில் கம்ப்ரசர் காட்டுக்குள் நின்றது. வட்டிக்கு வாங்கித்தான் சரிசெய்தோம். அவர் கடைசியில் அந்தத் தொகையைத் திருப்பித் தந்துவிட்டார், நல்ல மனிதர். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தக் கணக்கை வங்கியில் மூன்று கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி மாற்றினோம். உங்கள் ஐந்து பேருக்கும் அதையே சொல்கிறேன். நண்பர்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

பெருந்துறைப் பெண், இப்போது கலிபோர்னியா

பொங்கலுக்கு ஊர் வந்த இடத்தில் இதைப் படித்தேன். நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு பங்கு, வேறு இருவருக்கு ஒவ்வொரு பங்கு. பைப்பர் செரோகி 140, அதுவும் ஓ-320 எஞ்சின்தான்.

அமெரிக்காவில் எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது போன்ற சில்லறை வேலைகளை விமானி உரிமம் உள்ள உரிமையாளரே செய்து பதிவேட்டில் கையெழுத்திடலாம். சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக். முதல்முறை நான் சுத்தம் செய்தபோது அடி பிளக் ஒன்றில் மணல்மணியாக ஈயம் உறைந்து கிடந்தது. விமானப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறதென்று படித்திருந்தேன், கையில் உருட்டிப் பார்த்தது அன்றுதான். ஆண்டுச் சோதனைக்கு மூடிகளைக் கழற்றிப் பூட்டும் வேலையையும் நாங்களே செய்கிறோம். அதில் கூலி நன்றாகவே மிச்சம். மிச்சத்தைவிட, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டது எனக்குப் பெரிது.

ஒருமுறை சிலிண்டர் அழுத்தச் சோதனையில் மூன்றாவது சிலிண்டர் 80-க்கு 54 காட்டியது. 60-க்குக் கீழே போனால் கழற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது லைகாமிங். பராமரிப்பவர் உடனே மாற்றச் சொன்னார். எஞ்சின் ஆறிப்போன நிலையில் எடுத்த அளவு அது. மறுபடி பறந்து வந்து, சூடு ஆறுவதற்குள் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். சரியென்றார். 71 வந்தது. ஒரு சிலிண்டர் விலை தப்பியது. கேட்பதற்குத் தயங்காதீர்கள், கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்களுக்கு வலித்த செலவு எஞ்சினால் வரவில்லை. 2020 ஜனவரி 1 முதல், நெரிசலான வான்பகுதிகளில் பறக்கும் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி வைத்திருக்க வேண்டும் என்று விதி. விதியை அறிவித்தது 2010-லேயே. பத்து ஆண்டு நாங்கள் எல்லோரும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றோம். கடைசி ஆண்டில் பட்டறைகளில் வரிசை நின்றது. 4,200 டாலர், பங்குக்கு 1,400. மற்ற இரு பங்காளிகளில் ஒருவர் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தார். அவருக்காக நாங்கள் முன்பணம் போட்டோம். இப்போது எங்கள் கணக்கில் எஞ்சினுக்கு ஒரு வரி, கருவிகளுக்கு ஒரு வரி, இரண்டும் தனித்தனி.

அவிநாசியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. விற்பவரிடம் நேற்று அண்ணன் சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டேன். புதுப்பித்து 11 ஆண்டு, 900 மணி என்றார். நிதி என்று ஒன்று கிடையாதாம். குறைந்த மணிதானே என்று நண்பர்கள் மகிழ்கிறார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து

11 ஆண்டில் 900 மணியா? ஆண்டுக்கு 80 மணிக்குச் சற்று மேல்தான் தம்பி. சூலூர்க்காரர் சொன்ன நிழலில் நின்ற விமானம்தான் இது. விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு இருக்கும் வலுவான காரணமும் இதுவே. எஞ்சினைப் புதுப்பிக்க இன்று ஆகும் செலவை எழுதிவாங்கி, அதில் பெரும்பகுதியை விலையில் கழித்துக் கேளுங்கள். பெட்ரோலையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கோவை பீளமேடு விமான நிலையத்தில் இறங்கும் பயணிகள் விமானங்கள் குடிப்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருள், உங்களுக்கு அது ஆகாது. ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் நம் நாட்டிலேயே தயாராகி விற்பனைக்கு வந்தது 2022-இல்தான். நீங்கள் விமானத்தை நிறுத்தப்போகும் இடத்தில் அது கிடைக்குமா, பீப்பாயில் வரவழைத்தால் என்ன விலையாகும் என்று பார்த்துவிட்டு மணிக்கணக்கைப் போடுங்கள்.

சூலூரிலிருந்து

தம்பி, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எஞ்சின் பதிவேட்டின் கடைசி மூன்று ஆண்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். எந்த மாதம் எத்தனை மணி ஓடியது, எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். இடையில் ஆறு மாதம் வெற்றிடம் இருந்தால், ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைக் கண்ணால் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தார் என்றால் வாங்க வேண்டாம். கூப்பிட்டால் ஒரு ஞாயிறு நானே கூட வருகிறேன்.