1862 என்ற ஒரே ஆண்டும், ஒரு 9-உம்: வெள்ளி ரூபாய்களோடு என் அனுபவம்

பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எனக்கு நேர்ந்த இரண்டு அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கிறேன்.

நண்பர் ஒருவரின் வீட்டில், பாட்டி காலத்து டிரங்குப் பெட்டியிலிருந்து 14 ராணி தலை ரூபாய்களை எடுத்தார்கள். எல்லாவற்றிலும் 1862 என்றே இருந்தது. ஒரே ஆண்டின் காசு இத்தனை எதற்கு என்று எண்ணி, பேத்திக்குக் கொலுசு செய்வதற்காக அவற்றை உருக்கக் கொடுக்க இருந்தார்கள். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு அவற்றை வாங்கி வந்தேன்.

1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே சீரான ரூபாயைக் கொண்டுவந்தபோது அதன் எடை ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம்; ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. தலை வில்லியமுடையதாயினும் விக்டோரியாவுடையதாயினும் ஜார்ஜுடையதாயினும், 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைக்கும் வரை இந்தக் கணக்கு மாறவே இல்லை. எனவே, உருக்கினால் எந்தக் காசிலிருந்தும் கிடைப்பது ஏறக்குறைய 10.69 கிராம் சுத்த வெள்ளிதான். அதற்கு மேல் ஒரு காசுக்கு மதிப்பு உண்டென்றால், அது தராசில் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது.

1862 ரூபாய் இதற்கு நல்ல சான்று. ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசியிடம் சென்ற பிறகு வந்த இந்தக் காசில், 1874 வரை ஆண்டை மாற்றாமல் 1862 என்றே அச்சிட்டு வந்தார்கள். ஆனால் பம்பாய் நாணயச்சாலையில் வெளியான காசுகளில் சிறு புள்ளிகள் இடப்பட்டன. அவை உண்மையில் அச்சிட்ட ஆண்டைக் குறிப்பவை என்று சேகரிப்பாளர்கள் கொள்கிறார்கள். புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் சேர்ந்து பல வகைகளை உண்டாக்குகின்றன. அவற்றுள் சில வகைகள் எங்கும் கிடைக்கும். சிலவற்றைத் தேடி அலைய வேண்டும்.

அன்றிரவு மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு காசையும் விளிம்பில் பிடித்து லென்ஸில் பார்த்தேன். ஐந்தில் புள்ளியே இல்லை. மற்றவற்றில், தேதிக்குக் கீழே எள்ளைக் காட்டிலும் சிறிய புள்ளிகள், நேராகப் பார்த்தால் அழுக்கு என்றே தோன்றும்படி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது மட்டும் மெல்ல எழுந்து நின்றன. இரண்டு காசுகளை யாரோ சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். அவற்றில் புள்ளி இருந்த இடம் மழுங்கிப்போய், எண்ணவே முடியவில்லை. அந்த இரண்டையும் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது. ஒரே ஆண்டு என்று நினைத்த குவியலில் குறைந்தது நான்கு வகைகள் இருந்ததை மறுநாள் அவர்களுக்கு லென்ஸிலேயே காட்டினேன். கொலுசைப் புதிய வெள்ளியில் செய்துகொண்டார்கள்.

இத்தனை கவனம் உள்ளவன் என்ற நம்பிக்கையோடுதான் நான் ஒரு 1939 ரூபாயை வாங்கினேன். பழைய தரத்து வெள்ளியில் வந்த கடைசிக் காசு அது. 1938 எளிதாகக் கிடைக்கும், 1939 மிக அரிது. விற்றவரின் முன்னிலையிலேயே எடை போட்டேன், சரியாக இருந்தது. காந்தம் ஒட்டவில்லை. சுண்டிப் பார்த்தேன், வெள்ளிக்கு உரிய நீண்ட ஓசை வந்தது. மனநிறைவோடு பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, இத்துறையில் என்னைவிட மூத்தவரான ஒரு பெரியவரிடம் அதைக் காட்டினேன். காசை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த 9-ஐ மட்டும் பாருங்கள்” என்றார். 1, 9, 3 ஆகிய மூன்று எண்களும் காசின் தட்டையான தரையிலிருந்து சரிவாக மேலெழும்பி, ஓரங்களில் மெல்லிய கருமை தங்கியிருந்தன. கடைசி எண்ணின் கீழ்ச்சுழியில் மட்டும் இடப்பக்கம் வெட்டுப்பட்டு, அதன் ஓரம் கூராக நின்றது. அதையடுத்த தரையில் முடியிழை போன்ற கீறல்கள் தெரிந்தன. அங்கே மட்டும் கருமை இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. யாரோ 8-இன் ஒரு பக்கத்தைச் செதுக்கி எடுத்து 9 ஆக்கியிருந்தார்கள்.

எடையும் காந்தமும் ஓசையும் பொய் சொல்லவில்லை. அது அசல் வெள்ளி, அசல் 1938 ரூபாய். நான் செய்த சோதனைகள் யாவும் உலோகத்தைப் பற்றியவை. நான் விலை கொடுத்ததோ உலோகத்துக்கு அன்று, ஒரே ஒரு எண்ணுக்கு. அந்த எண்ணை நான் லென்ஸில் பார்க்கவே இல்லை. விற்றவர் அறிந்தே செய்தாரா, அவரும் ஏமாந்தவரா என்பது தெரியாததால், அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு ஒரு காசு எதனால் அரிது என்று சொல்லப்படுகிறதோ, அந்த இடத்தையே முதலில் பார்க்கிறேன். 1911 ரூபாய் என்றால் மன்னரின் அங்கியில் உள்ள யானையைப் பார்ப்பேன். துதிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே அந்த உருவத்தைத் திருத்தினார்கள். எடை போடுவதை இப்போது கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அசல் 1938 ஒன்றின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எனக்குப் பின் இந்தப் பெட்டியைத் திறப்பவர் அதை 1939 என்று நம்பி யாருக்கும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, உறையின் மேல் “1938, கடைசி எண் திருத்தப்பட்டது” என்று மையால் எழுதி வைத்திருக்கிறேன்.