கேஸ் கீசர் எரிய ஆரம்பித்த பத்து நொடியில் அணைந்துவிடுகிறது, என்ன பார்க்கலாம்?

அல்சூர் வாசி:
பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். குளியலறையிலேயே 6 லிட்டர் கேஸ் கீசர், வீட்டுக்காரர் மாட்டி நாலு வருஷம் ஆகிறது. குழாயைத் திறந்தால் டிக் டிக் என்று பொறி வருகிறது, பர்னர் நன்றாகப் பற்றுகிறது, பத்து எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப இதே கதை. சில நாள் அணையாமல் எரியும், ஆனால் அன்றைக்கும் கதவைச் சாத்திக் குளித்தால் நாலைந்து நிமிடத்தில் நின்றுபோகிறது. சிலிண்டர் புதுசு, தண்ணீரும் வேகமாகத்தான் வருகிறது. வந்து பார்த்த மெக்கானிக் "சென்சாரை டைரக்ட் பண்ணிடலாம், 300 ரூபாய்" என்றார், அதாவது நெருப்பை உணரும் சென்சார் இல்லாமலே ஓடும்படி இணைத்துவிடுவது. மனசு ஒப்பவில்லை, அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி, காலை ஆறு மணிக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது.

பழைய மெக்கானிக்:
அனுப்பியது நல்லது. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு என்று நினைக்கிறேன்.

பத்து நொடியில் அணைவதற்கு முதலில் பேட்டரியைப் பாருங்கள். கீழே இரண்டு பெரிய சைஸ் பேட்டரி இருக்கும். பேட்டரி இறங்கிப்போனாலும் பொறி வரும், ஆனால் கேஸ் வால்வைப் பிடித்து வைக்க சக்தி போதாது. ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிட்டுப் புதுசு போடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் சிலிண்டரை மூடி, பேட்டரியைக் கழற்றி, ஆறவிட்டு, முன்மூடியைத் திறந்தால் பர்னர் முன்னால் ஊசிகள் தெரியும். ஒன்று பொறி ஊசி, இன்னொன்று ஜுவாலையை உணரும் ஊசி. ஜுவாலை வழியாக அந்த ஊசிக்குப் போகும் மிகச் சின்ன மின்சாரத்தை வைத்துத்தான் நெருப்பு இருக்கிறது என்று கீசரை இயக்கும் மின் போர்டுக்குத் தெரியும். ஊசியில் சாம்பல் படிந்தால் அது தெரியாது, கேஸை மூடிவிடும். ஜீரோ நம்பர் உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள், பீங்கான் பகுதியை அசைக்காதீர்கள்.

கதவு சாத்தினால் நிற்பது வேறு விஷயம். அறையில் காற்று குறைந்தால் ஜுவாலை மஞ்சளாகி, பர்னரை விட்டுத் தூக்கிக்கொள்ளும், அதனால் பாதுகாப்பு வேலை செய்து அணைக்கிறது. அங்கே கீசர் சரியாகத்தான் இருக்கிறது, வைத்த இடம்தான் தப்பு.

ஜெயநகர் அக்கா:
தம்பி, மேலே சொன்ன கடைசி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டிலும் கீசர் குளியலறைக்குள்தான் இருந்தது. ஒருநாள் காலை மகள் கதவைத் திறந்து வெளியே வந்ததும் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள், உதடு கூட நடுங்கவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை. ஜன்னல் ஒரு சாண் அளவு, அதையும் குளிருக்காகச் சாத்தி வைத்திருந்தோம். காற்றுப் போதாமல் கேஸ் எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுதான் காரணம், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். பிழைத்தாள். அந்த சென்சாரை மட்டும் யார் சொன்னாலும் எடுக்க விடாதீர்கள், உங்கள் அம்மாவைக் காப்பாற்றுவது அதுதான்.

டெட்ராய்ட் தாத்தா:
நானும் பெங்களூரு மல்லேஸ்வரம்தான், குளிர்காலத்தில் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருப்பேன். இங்கே வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸிலும் இதே நோய்தான். பற்றும், சில நொடியில் அணையும், சில தடவை முயன்றுவிட்டுத் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஊசியைத் துடைத்ததும் சரியாகிவிட்டது. பனி விழுந்து வெளிக்குழாய் அடைத்தாலும் நிற்கும், அதுவும் காற்றுக் கதைதான். அப்புறம் ஒன்று, ஊரில் கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-ஐக் கூப்பிடுங்கள்.

அல்சூர் வாசி:
பேட்டரி ஸ்பிரிங் நிஜமாகவே பச்சை பூத்திருந்தது, ஊசியிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. இரண்டையும் சுத்தம் செய்து புது பேட்டரி போட்டேன், இரண்டு நாளாக அணையவில்லை. வீட்டுக்காரரிடம் ஜெயநகர் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். துணி காயப்போடும் திறந்த பால்கனிக்குக் கீசரை மாற்ற ஒத்துக்கொண்டார், பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதுவரை கதவைத் திறந்து வைத்து நான் வாளியில் பிடித்து, கீசரை அணைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டபிறகுதான் அம்மா உள்ளே போகிறார்.