லிக்விட் கூலர் மாட்டியும் மூன்றே நொடியில் 100 டிகிரி, பம்ப் பழுதா?

கேள்வி:
வணக்கம். ஐ7-12700கே பிராசஸருக்குப் புதிதாக 240 எம்எம் லிக்விட் கூலர் மாட்டியிருக்கிறேன். சும்மா இருக்கும்போதே 50 டிகிரி காட்டுகிறது. பிராசஸரை முழுவீச்சில் வேலைவாங்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓடவிட்டால் மூன்று நொடிக்குள் 100ஐத் தொட்டு, கிளாக் வேகம் சரிகிறது. பம்ப் 2,700 ஆர்பிஎம், ரேடியேட்டர் ஃபேன் இரண்டும் சுற்றுகின்றன. அறை வெப்பம் 31. கூலரைத் திருப்பி அனுப்பிவிடலாமா?

மறுமொழி 1:
அவசரப்படாதீங்க. சிப்பின் மேல் உட்காரும் பிளாக்கின் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிமை உரிச்சீங்களா? பம்ப் வயர் மதர்போர்டில் எந்த ஹெடரில் (வயர் செருகும் இடம்) இருக்கு? சிபியூ ஃபேன் ஹெடர் என்றால் பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) அதை ஃபுல் ஸ்பீடில் வையுங்க. இல்லாவிட்டால் ஃபேன் மாதிரியே பம்பையும் போர்டு மெதுவாக்கிடும். 10 நிமிஷம் லோடில் ஓடவிட்டு, குழாய் இரண்டையும் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க.

கேட்டவர்:
ஃபிலிமை உரித்துவிட்டேன். பம்ப் தனி ஹெடரில் முழு வேகத்தில் ஓடுகிறது. குழாய் இரண்டிலும் லேசான வெதுவெதுப்புதான். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றும் கிட்டத்தட்ட அறைக்காற்று போலத்தான் இருக்கிறது.

மறுமொழி 2:
அப்படியென்றால் பம்ப் மேல் பழி இல்லை. பம்ப் நின்றிருந்தால் பிளாக்குக்குள் தேங்கிய நீர் சூடாகச் சூடாக டிகிரி படிப்படியாக ஏறும். பிளாக்கை ஒட்டிய பகுதி சுடும், ரேடியேட்டர் ஜில்லென்று கிடக்கும். ரேடியேட்டருக்குக் காற்றோட்டம் போதவில்லை என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் தெரியும், குழாய் இரண்டும் சுடும். உங்களுக்கு மூன்று நொடியில் 100, நீரோ சூடேறவே இல்லை. சிப்பின் வெப்பம் நீருக்குப் போய்ச் சேரவில்லை. பிளாக் சரியாக அழுந்தவில்லை.

ஸ்டாண்ட்ஆஃபை, அதாவது பிளாக்கைத் தாங்கும் ஸ்குரூத் தூண்களைப் பாருங்கள். உங்கள் சிப் உட்காரும் சாக்கெட் 1700, அதற்கு முந்தையது 1200. 1200 சாக்கெட்டில் துளைகளுக்கு இடையே 75 எம்எம், 1700இல் 78 எம்எம். அதோடு 1700இல் சிப் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் தாழ்ந்து உட்காரும். பல கூலர்களில் போர்டின் பின்னால் மாட்டும் பேக்பிளேட் இரண்டுக்கும் நகர்த்திக்கொள்ளும்படி இருக்கும், ஸ்டாண்ட்ஆஃப் மட்டும் தனித்தனியாக வரும். 1200க்கான உயரமானதைப் போட்டாலும் ஸ்குரூ கடைசிவரை இறங்கும், இறுக்கமாகவும் தோன்றும். இடைவெளியை, சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் வெப்பம் கடத்தும் பேஸ்ட்தான் நிரப்பிக்கொண்டிருக்கும்.

கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு பேஸ்ட் இளகியதும் அணைத்து, பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பிளாக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் அதுதான் கோளாறு. கழற்றும்போது நேராக இழுக்காமல் திருகி எடுங்கள். பேஸ்ட் எங்குமே மெலியாமல் மொத்தமாக அப்பியிருந்தால் அழுத்தமே விழவில்லை என்று பொருள். பழையதை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, சிப் நீள்சதுரம் என்பதால் புதுப் பேஸ்ட்டைப் பெருக்கல் குறியாக வையுங்கள். ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு இரண்டு சுற்று மட்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே முழுதாக இறுக்கினால் பிளாக் சாய்ந்து உட்கார்ந்துவிடும்.

கேட்டவர்:
ஸ்டாண்ட்ஆஃப்தான். 1700க்கு உரியவை கவரிலேயே கிடந்தன. மாற்றிய பிறகு சும்மா இருக்கும்போது 36, சினிபெஞ்ச் 10 நிமிடம் 190 வாட்டில் ஓடியும் 83. மிக்க நன்றி. ஆன் செய்ததும் பம்பில் களகளவென்று ஒரு சத்தம் வருகிறது. ரேடியேட்டர் முன்பக்கம் நிமிர்ந்து இருக்கிறது, குழாய்கள் மேல்முனையில்.

மறுமொழி 1:
அது உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று. ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரமாக இருந்தால் ஆபத்து இல்லை. ஆனால் காற்று போய்த் தங்குகிற இடத்திலேயே உங்க குழாய் வாயும் இருக்கு, அதனால நீரோடு சேர்ந்து பம்புக்கு வருது. குழாய் நீளம் போதுமானால் ரேடியேட்டரைத் தலைகீழாகத் திருப்பி, வாய் கீழே வரும்படி மாட்டுங்க. கேபினட்டின் மேல்கூரையில் இடமிருந்தால் இன்னும் நல்லது. அடித்தளத்தில் மட்டும் வைக்காதீங்க, காற்றெல்லாம் பம்பிலேயே வந்து சேரும். மாட்டியதும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபினட்டை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்துப் பிடிங்க. ஓரிரு வாரத்துக்குப் பிறகும் சத்தம் தொடர்ந்து, வெப்பமும் ஏறினால் வாரண்டியில் கேளுங்க.

மறுமொழி 2:
பயாஸில் பவர் லிமிட்டையும் (சிப் எத்தனை வாட் வரை இழுக்கலாம் என்ற வரம்பு) ஒருமுறை பாருங்கள். சில போர்டுகள் முதல் தடவை எந்தக் கூலர் என்று கேட்கும். வாட்டர் கூலர் என்று சொன்னால் லிமிட்டை 4096 வாட்டுக்கு ஏற்றிவிடும், அதாவது லிமிட்டே இல்லை. உங்கள் சிப்புக்கு இன்டெல் சொல்லும் உச்ச அளவு 190. நீண்ட நேரத்துக்கு ஒன்று, குறுகிய நேரத்துக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு லிமிட்டையும் 190 என்று எழுதி சேமித்துவிடுங்கள்.