தாத்தா துப்பாக்கிக்கு ரப்பர் பேட்

மன்னார்குடி பக்கம் எங்கள் வயல். தாத்தா காலத்து 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் என் பெயரில்தான். தோளில் வைக்கிற பின்கட்டையின் முனையில் வெறும் இரும்புத் தகடு, இரண்டு தோட்டா போட்டாலே தோள் கன்றிப்போகிறது. ஒரு அங்குல ரப்பர் பேட் வாங்கிவிட்டேன், அப்படியே திருகிவிடலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. கட்டை ஒரு அங்குலம் நீண்டுவிடும், தூக்கும்போது அக்குளில் மாட்டும். பேட் தடிமனுக்குக் கட்டையை அறுக்க வேண்டும், அதுவும் அறுக்கப்போகும் கோட்டின் மேல் கட்டையைச் சுற்றி டேப் ஒட்டி, பொடிப்பல் ரம்பத்தால், இல்லாவிட்டால் ஓரம் சிலும்பிவிடும். திருகாணியில் கொஞ்சம் சோப்பு தடவுங்கள்.

பதில்: அறுத்த மரம் திரும்ப வளருமா? உங்கள் கை நீளமாக இருந்தால் அரை அங்குலம் அறுத்தாலே போதும். முதலில் மாட்டிக் கழற்றுகிற ரப்பர் உறை போட்டுப் பாருங்களேன்.

கேட்டவர்: சரி, உறையே போடுகிறேன். தாத்தா கட்டையில் ரம்பம் வைக்க மனசு வரவில்லை.